நட்டுத் தளர்த்தும் பெருவிழா

மலைநாட்டு வான்வழி உயிர்காப்பு அதிகாரசபையின் ஹெலிகொப்டர் எங்கள் பக்கத்து வானத்தில் ஒரே ஒரு தடவைதான் பறந்தது. அப்போதும் அதற்குள் நோயாளி யாரும் இருக்கவில்லை. பிரதம அதிதியும் அவருடைய புகைப்படக்காரரும் இருந்தார்கள். அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் ஏறாத எங்கள் தோட்டத்து மைதானத்திலிருந்து கிளம்பி, தேயிலை மலைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பனி இறங்குவதற்குள் அது இறங்கிவிட்டது. பிறகு அதன்மேல் நீலத் தறப்பாள் ஒன்றைப் போர்த்திக் கட்டினார்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அந்தத் தறப்பாள் மட்டும் பறக்கப் பார்க்கும்.

ஹெலிகொப்டர் வருவதற்கு முன்பே அதிகாரசபை செய்த முதல் காரியம், தோட்டத்தில் நின்ற அம்புலன்ஸ் வேனை எடுத்துக்கொண்டு போனது. பழைய வேன். ஏற்றத்தில் இருமும், ஆனால் ஏறிவிடும். ஒரே நோயாளிக்கு வானத்தில் ஒன்று, தரையில் ஒன்று என்று இரண்டு ஏற்பாடு வைத்திருப்பது வீண் என்று அதிகாரசபையின் பணிப்பாளர் சிவபாதம் விளக்கம் சொன்னார். வேன் ஹட்டனில் அவருடைய அலுவலகத்துக்குப் பின்னால் நிறுத்தப்பட்டது. வெயில் எறிக்கும் நாட்களில் அலுவலகத்துச் சமையல்காரர் அதன் கூரைமேல் மிளகாய் காயப்போட்டார்.

ஹெலிகொப்டர் வருகிறது என்றதும் தோட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாக மகிழ்ந்தவன் செல்லசாமி. அவனுக்குக் காரணம் இருந்தது. போன வருடம் அவன் மனைவி புஷ்பராணியைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டியது. கூட நின்ற பெண்களையும்தான் கொட்டியது. அவர்கள் கொட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார்கள். புஷ்பராணிக்கு மட்டும் முகம் வீங்கி, நாக்குத் தடித்து, மூச்சு விட்டு விட்டு வந்தது. அந்த இருமல் வேன்தான் அவளை நுவரெலியாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. டொக்டர் செல்லசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த உடம்பு குளவி விஷத்தைத் தாங்காது, இன்னொரு தடவை கொட்டினால் உடனே கொண்டுவர வேண்டும், பிந்தினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போய்விட்டது. மலைக்குப் போகாதே என்று அவளிடம் சொல்லிப் பார்த்தான்.

"மலைக்குப் போகாம லயத்துல குந்தியிருந்தா யாருங்க பேர் போட்டுச் சம்பளம் குடுப்பாங்க?" என்று புஷ்பராணி கேட்டாள். "அதான் பிளேன் வருதுன்னு சொல்றாங்கல்ல. கொட்டுனா ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

"பிளேன் இல்ல புஷ்பா. ஹெலிகொப்டர்."

"என்னமோ ஒண்ணு. வந்தா சரி."

தோட்டத்துக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கிவைத்த வழக்கம் இது. அவர்கள் போய்விட்டார்கள், சுண்ணாம்பு போகவில்லை. பாதையோரக் கல், வடிகால் கானின் விளிம்பு, மரத்தின் அடி, கொடிக்கம்பம் என்று அசையாமல் நிற்கும் எதற்கும் அடிக்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவது வேறு விஷயம். அது பாதையிலிருந்து தெரியாது. இந்த வேலைக்குத் தோட்டத்தில் செல்லசாமிதான் ஆள். மைதானத்தின் நடுவே ஹெலிகொப்டர் இறங்குவதற்கான பெரிய 'எச்' எழுத்தையும் அவனே போட்டான். பெண்டாட்டியின் உயிர் அந்த எழுத்தின்மேல்தான் வந்து இறங்கப்போகிறது என்ற நினைப்பில் இரண்டு பூச்சுப் போட்டான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சிவபாதம் மைதானத்துக்கு வந்தார். ஹெலிகொப்டரின் இயந்திர மூடி திறந்திருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குப் பிரதம அதிதி இந்த இயந்திரத்தின்ர இதயத்தைப் பார்க்கப் போறார். இந்தக் குழாய் ஏன் இப்பிடி மங்கிப்போய்க் கிடக்குது? இதுக்கும் ஒரு பூச்சுப் போடும்."

"ஐயா, இதுல சுண்ணாம்பு நிக்காதுங்க."

"சுண்ணாம்பு வேண்டாம். கோயில் கேற்றுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்ற் இருக்குதெல்லோ. அதை அடியும்."

செல்லசாமி அடித்தான். குழாய், குழாயை இயந்திரத்தோடு இணைக்கும் நட்டு, நட்டின் இடுக்கு எல்லாவற்றுக்கும் குறையில்லாமல் அடித்தான். பொறியியலாளர் கோபிசங்கர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்துவிட்டு, நட்டின் இடுக்கை விரலால் தடவினான். யாழ்ப்பாணத்து இளைஞன். படித்த வேலையைச் செய்யலாம் என்று நம்பி இந்த அதிகாரசபையில் சேர்ந்தவன்.

"அண்ணை, இது எரிபொருள் போற குழாய். இதுக்குப் பெயின்ற் அடிக்கிறேல்லை."

"பணிப்பாளர் ஐயாதாங்க அடிக்கச் சொன்னாரு."

"இந்த மொடலை இப்ப உலகத்தில ஒருத்தரும் செய்யிறேல்லை. இந்தக் குழாய் உடைஞ்சால் வேற குழாய் எடுக்கேலாது. அதோட இந்த மெசின் முடிஞ்சுது. கவனமாய்த் தொடோணும்."

கவனமாகத் தொடும் நிகழ்ச்சி மறுநாள் நடந்தது. நாடா வெட்டுவது பழைய முறை என்று அதிகாரசபை தீர்மானித்திருந்தது. அதற்குப் பதிலாக, தங்க முலாம் பூசிய ஸ்பானர் ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். பிரதம அதிதி அதைக் கையில் எடுத்து, எரிபொருள் குழாயின் நட்டுக்கு ஒரு முறுக்குக் கொடுத்தார். அந்த நட்டைக் கோபிசங்கர் காலையிலேயே வேண்டிய அளவுக்கு இறுக்கிவைத்திருந்தான். சும்மா தொட்டால் போதும் என்று அதிதியின் காதில் சொல்லியுமிருந்தான். அதிதி தொட்டதைப் புகைப்படக்காரர் தவறவிட்டுவிட்டார். ஆகவே அவர் மறுபடியும், இந்தத் தடவை படத்தில் தெரியும்படியாக முறுக்கினார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு தொழிற்சங்கத் தலைவர் மேடையில் இருந்தார். அவருக்கு ஒரு முறுக்குக் கிடைத்ததும் எதிர்ச் சங்கத் தலைவருக்கும் ஒன்று கொடுக்கவேண்டி வந்தது. அவர் முன்னவரைவிடச் சற்று அதிகமாக முறுக்கினார். முன்னவர் திரும்பி வந்து அதைச் சமப்படுத்தினார். பிறகு தோட்டத்தை இப்போது நடத்தும் துரை. பிறகு நான்கு மதத் தலைவர்களும் மதத்துக்கு ஒரு முறுக்கு. கடைசியாக, அவ்வளவு நேரமும் பொறுத்திருந்த பணிப்பாளர் சிவபாதம், பொறுத்திருந்த பலத்தையெல்லாம் சேர்த்து முறுக்கினார். நட்டு கிறீச்சிட்ட சத்தம் நாதஸ்வரத்தில் கேட்கவில்லை. கோபிசங்கர் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிரார்த்தனை செய்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஹெலிகொப்டர் ஒரு சுற்றுப் பறந்து இறங்கியது. இயந்திரச் சூட்டில் வெள்ளிப் பெயின்ற் நட்டோடு சேர்ந்து இறுகியது. அந்த ஒரு சுற்றிலேயே எரிபொருள் வடிகட்டி அடைத்துக்கொண்டது; புதிது போடாமல் அதை இனிப் பறக்கவிட முடியாது. வடிகட்டியை மாற்ற அந்த நட்டைக் கழற்ற வேண்டும். அது அசையவில்லை. அதிகாரசபையிடம் இருந்தது தங்க ஸ்பானர் ஒன்றுதான். முலாம் பூசியதால் வாய் வழுக்கியது. கோபிசங்கர் மலையிறங்கி நடந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி, ரிஸ்வியின் இரும்புக் கடைக்குப் போய், கறுத்துப்போன இரண்டு ஸ்பானர்களையும் துரு இளக்கும் எண்ணெயையும் கேட்டான்.

"ஹெலி வாங்க ஏலுமாம், ஸ்பானர் வாங்க ஏலாதாம்," என்றார் ரிஸ்வி. "கொண்டு போங்க தம்பி. வேல முடிஞ்சி கொணந்து தாங்க. ரெண்டு என்னத்துக்கு?"

"ஒண்டால குழாயின்ர கழுத்தைப் பிடிக்கோணும் ரிஸ்வி நானா, மற்றதால நட்டைத் திருப்போணும். பிடிக்காமல் திருப்பினால் நட்டோட சேர்ந்து குழாயும் முறுகி வெடிச்சிடும். தங்க ஸ்பானர் வழுக்கினதாலதான் அண்டைக்குத் தப்பினது."

நட்டுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். செல்லசாமிதான் விளக்குப் பிடித்தான். நாளைக்குக் கழன்றுவிடும் என்று கோபிசங்கர் சொன்னபோது, தன் வீட்டுக் கதவே திறந்துவிட்டதுபோல அவனுக்கு இருந்தது. ஆனால் மறுநாள் காலை சிவபாதம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பிரதம அதிதி தன்ர கையால இறுக்கினதை நீர் ஆரைக் கேட்டுக் கழட்டப் போறீர்?"

அதிகாரசபை கூடியது. நட்டு ஏன் இறுகியது என்று விசாரிக்க வேண்டும் என்றார்கள். செல்லசாமியை ஹட்டனுக்குக் கூப்பிட்டு, ஒரு நீள மேசையின் முடிவில் நிற்கவைத்தார்கள். சன்னல் வழியாக அவனுக்கு வேன் தெரிந்தது.

"அதிதிகள் முறுக்கினதாலதான் இறுகினது எண்டு சிலர் சொல்லீனம்," என்று சிவபாதம் தொடங்கினார். "அதிதிகள் முறுக்கேல்லை. அதிதிகள் ஆசீர்வதிச்சவை. ஆசீர்வாதத்தால ஒரு நட்டு இறுகினது எண்டு நான் மேலிடத்துக்குச் சொல்லேலாது. பெயின்ற்றால இறுகினது எண்டால் சொல்லலாம். பெயின்ற் அடிச்சவருக்கு மேலிடம் ஒண்டும் இல்லை."

"ஐயா, நீங்கதானங்க அடிக்கச் சொன்னீங்க," என்றான் செல்லசாமி.

"சொன்னனான். நான் மறுக்கேல்லையே. எங்கட நிருவாகத்தில உத்தரவு மேல இருந்து வரும், பொறுப்பு கீழ இருந்து வரும். ரெண்டும் நடுவில சந்திக்கிற இடத்திலதான் நான் இருக்கிறன். நான் இல்லையெண்டால் ரெண்டும் ஒண்டையொண்டு சந்திச்சுப் பெரிய குழப்பமாய்ப் போயிடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். செல்லசாமியும் ஆட்டினான். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை.

தீர்மானம் இதுதான். கௌரவமாக இறுக்கிய நட்டைக் கௌரவமாகவே தளர்த்த வேண்டும். முறுக்கிய ஒவ்வொருவரும் மறுபடி வந்து, தான் கொடுத்த முறுக்கைத் தன் கையாலேயே திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு விழா. எல்லாருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்கும்வரை நட்டை யாரும் தொடக்கூடாது.

"அப்ப அதுவரைக்கும் அந்த வேனையாவது அனுப்புங்கய்யா," என்று செல்லசாமி கேட்டான். "எம் பொஞ்சாதிக்குக் குளவி ஆகாதுங்க."

"ஹெலிகொப்டர் சேவையில இருக்கேக்க வேன் தரேலாது."

"அது பறக்கலீங்களே."

"பறக்கேல்லை எண்டது வேற, சேவையில இல்லை எண்டது வேற. அது ஒண்டுக்கும் உதவாது, முடிஞ்சுது எண்டு வந்தால் மட்டுந்தான் வேன் திரும்பிப் போகும். நான் இந்தக் கதிரையில இருக்குமட்டும் அப்பிடி ஒரு நாள் வர விடமாட்டன்." இதைச் சொல்லும்போது சிவபாதத்தின் குரல் தழுதழுத்தது. அந்தக் கதிரை மேல் அவருக்கு உண்மையான பாசம் இருந்தது.

நாள் கிடைக்கவில்லை. பிரதம அதிதிக்கு ஒத்துவந்த நாள் துரைக்கு ஒத்துவரவில்லை. ஒரு சங்கத் தலைவர் வரும் நாளில் மற்றவர் வர மறுத்தார். பெருமழை வந்து போனது. தறப்பாள் கிழிந்தது. செல்லசாமி மட்டும் வேலை முடிந்ததும் போய் நட்டைப் பார்த்துவிட்டு வருவான். கோபிசங்கர் யாருக்கும் தெரியாமல் அதற்கு இடைக்கிடை எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் மாசி மாதத்தில் ஒரு நாள் எல்லாருக்கும் ஒத்துவந்தது. தோட்டம் மறுபடி வெள்ளையானது. விழாவைப் படமெடுக்கும்போது பின்னணியில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தெரிய வேண்டும் என்று அதிகாரசபையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மைதானத்தை ஒட்டிய மலையில் அப்போது எடுக்கக் கொழுந்து இல்லை. இருந்தாலும் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து அங்கே நிரையில் நிற்க வேண்டும் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உத்தரவு போட்டார்கள். அந்த மலையின் ஓரத்தில் ஒரு டர்பன்டைன் மரம் நின்றது. அதன் அடிக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போன செல்லசாமி நிமிர்ந்து பார்த்தான். பானை அளவில் ஒரு குளவிக்கூடு தொங்கியது.

சுண்ணாம்பு மட்டையைப் போட்டுவிட்டு, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஓடினான்.

"இப்பப் பொக போட்டா மேடையெல்லாம் பொகையாப் போயிரும் செல்லசாமி," என்றார் அவர். "விழா முடியட்டும். முடிஞ்ச கையோட கூட்டக் கொளுத்திருவோம். நீ மரத்துக்கு அடிச்சியா இல்லியா?"

அன்று மாலை புஷ்பராணியிடம் கெஞ்சினான். அவள் பெட்டியிலிருந்து மஞ்சள் சேலையை எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"போகாட்டி பேர் வெட்டிருவாங்க. ஒரு நாள்தானங்க," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பயப்படாதீங்க. கொட்டுனாலும் ஹெலிகொப்டரு பக்கத்துலயேதான இருக்கு. ரெண்டு எட்டு நடந்து போயி நானே ஏறிக்கிறேன்."

விழா தொடங்கியது. பேச்சுகள் முடிந்து தளர்த்தும் கட்டம் வந்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. இறுக்கும்போது பெரியவரிலிருந்து தொடங்கினார்கள். தளர்த்தும்போது கடைசியில் முறுக்கியவரிலிருந்து, அதாவது ஆகச் சின்னவரிலிருந்து தொடங்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. சிவபாதம் மதத் தலைவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சங்கத் தலைவர்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். மேடைக்குத் தேநீர் வந்தது. அது முடிந்து மறுபடியும் வந்தது.

"இங்க எல்லாரையும்விடச் சின்ன ஆள் ஒருத்தர் இருக்கிறார்," என்று சிவபாதம் திடீரென்று மைக்கைப் பிடித்தார். "இந்த நட்டு இறுகக் காரணமானவரே முதல்ல வந்து தளர்த்தட்டும். மன்னிப்பும் ஆகும், ஒழுங்கும் ஆகும்."

செல்லசாமியைக் கையைப் பிடித்து, ஹெலிகொப்டரோடு ஒட்டிப் போட்டிருந்த மேடைக்கு ஏற்றினார்கள். சுண்ணாம்பு காயாத அவன் கையில் தங்க ஸ்பானரை வைத்தார்கள். இந்தத் தீர்வில் மகிழ்ந்துபோன யாரோ சைகை காட்ட, மைதானத்து ஓரத்தில் தொங்கவிட்டிருந்த பட்டாசுக் கட்டு வெடிக்கத் தொடங்கியது.

ஸ்பானர் நட்டில் வழுக்கியது. அவன் மறுபடி வைத்துப் பார்த்தான். அப்போதுதான் மலையிலிருந்து பெண்களின் சத்தம் வந்தது.

பட்டாசுச் சத்தத்தில் கூடு கலைந்திருந்தது. பெண்கள் சேலையால் தலையை மூடிக்கொண்டு மைதானத்தை நோக்கி ஓடி வந்தார்கள். குளவிகளும் கூடவே வந்தன. மேடையில் இருந்தவர்கள், தளர்த்துவதற்கு எழுந்திருக்காதவர்கள், இப்போது வரிசை பார்க்காமல் எழுந்து ஓடி வாகனங்களுக்குள் ஏறிக் கண்ணாடிகளை மூடிக்கொண்டார்கள்.

புஷ்பராணியை இரண்டு பெண்கள், இடுப்பில் கட்டும் படங்குச் சீலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேராக ஹெலிகொப்டரிடம் வந்தார்கள். அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய உதடு ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"இன்ஜினியர் ஐயா," என்றான் செல்லசாமி. கையிலிருந்த ஸ்பானரை அவன் பக்கம் நீட்டினான்.

"இதை நம்பாதேங்கோ அண்ணை. இப்ப கழட்டினாலும் இது பறக்காது," என்றான் கோபிசங்கர். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "ரோட்டால கொண்டு போங்கோ. கெதியாய்."

ரோட்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் பிரதம அதிதியின் வாகனம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. செல்லசாமி சிவபாதத்தின் ஜீப்புக் கண்ணாடியைத் தட்டினான். அது விரலளவு இறங்கியது.

"ஐயா, வண்டிய எடுங்கய்யா. மூச்சு வாங்குதுய்யா."

"பிரதம அதிதியின்ர வாகனம் போகாமல் மற்றது போகேலாது. அவர் இப்ப கொஞ்சம் பதற்றமாய் இருக்கிறார். ஆறட்டும். நானே கதைக்கிறன்." கண்ணாடி ஏறியது. ஒரு குளவி அதன்மேல் உட்கார்ந்து நடந்தது.

கடைசியில் கொழுந்து லொறி, கீழ்ப் பாதையால் சுற்றிக்கொண்டு வந்தது. சாக்குகளுக்கு மேல் அவளைக் கிடத்தினார்கள். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் லொறி தூக்கிப் போட்டது. புஷ்பராணி பேச முயன்றாள், நாக்கு இடம் கொடுக்கவில்லை. செல்லசாமியின் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். டவுன் ஆஸ்பத்திரி வாசலுக்கு லொறி வந்தபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது. மஞ்சள் சேலையில் அவன் கைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவன் அதைத் துடைக்கத் துடைக்க அது பரவியது. அவன் வாய்விட்டு அழுதான். லொறிக்காரனும் அழுதான். அழுவதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

மறுநாள் காலை, யாரையும் கேட்காமல், ரிஸ்வியின் இரண்டு ஸ்பானர்களாலும் கோபிசங்கர் அந்த நட்டைக் கழற்றினான். மாதக்கணக்கில் எண்ணெயில் ஊறிய நட்டு. ஊற்றிவைத்த வெறுந்தேநீர் ஆறுவதற்குள் கழன்று கையில் வந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தான்.

கருமாதி முடிந்ததும் சிவபாதம் செல்லசாமியின் லயத்துக்கு வந்தார். கோபிசங்கரும் கூட வந்தான். கதிரை ஒன்றை அயலில் வாங்கிப் போட்டார்கள்.

"உங்கட மனைவியின்ர இழப்பு வீண் போகேல்லை," என்றார் சிவபாதம். "இவ்வளவு நாளும் எங்கட அதிகாரசபைக்கு ஒரு நோயாளிகூடக் கிடைக்கேல்லை. நோயாளி இல்லாத உயிர்காப்புச் சேவை எண்டு கொழும்பில கேலி செய்தவை. இப்ப எங்களுக்கு முதலாவது நோயாளி கிடைச்சிட்டா. புது வடிகட்டியும் போட்டாச்சு. நட்டை மறுபடி இறுக்கோணும். இந்த முறை பெரிய ஆக்கள் வேண்டாம், பாதிக்கப்பட்ட குடும்பமே இறுக்கட்டும் எண்டு முடிவெடுத்திருக்கிறம். உங்களுக்குப் பெரிய கௌரவம்."

செல்லசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் புஷ்பராணியின் படம் இன்னும் மாட்டப்படவில்லை. ஆணி மட்டும் அடித்திருந்தது.

"இறுக்குனப் பொறகு, யாருக்காச்சும் கொட்டுனா அது பறக்குமாய்யா?"

"கட்டாயம் சேவையில இருக்கும்," என்றார் சிவபாதம். அந்த நேரம் அவருடைய கைப்பேசி அடித்தது. எழுந்து வாசலுக்குப் போனார்.

செல்லசாமி கோபிசங்கரைப் பார்த்தான்.

"பறக்காது அண்ணை," என்றான் கோபிசங்கர் தாழ்ந்த குரலில். "ஓட்ட ஆளில்லை. அண்டைக்கு ஓட்டினவர் திறப்பு விழாவுக்கு மட்டும் கொழும்பால வந்தவர். விமானி வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லை. எடுக்கவும் மாட்டினம்."

"அப்ப வேன்?"

"இது நிக்குமட்டும் வேன் வராது."

செல்லசாமி எழுந்து சுவரிலிருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தான். சிவபாதம் திரும்பி வந்தபோது, "சரிங்கய்யா, வர்றேன்," என்று மட்டும் சொன்னான்.

இறுக்கும் விழாவுக்குக் கூட்டம் குறைவு. மேடையில் புஷ்பராணியின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கீழே 'எமது முதலாவது பயனாளி' என்று எழுதியிருந்தது. சிவபாதம் பேசி முடித்துத் தாம்பாளத்தை நீட்டினார். தங்க ஸ்பானர் வழுக்கும் என்று சொல்லி, கோபிசங்கர் ரிஸ்வியின் கறுப்பு ஸ்பானர்களில் ஒன்றை எடுத்துச் செல்லசாமியின் கையில் கொடுத்தான். மற்றதால் அவனே குழாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

செல்லசாமி முறுக்கினான். நட்டு நன்றாக வந்து பொருந்தி நின்றது. புகைப்படமும் எடுத்துவிட்டார்கள். அவன் ஸ்பானரை எடுக்கவில்லை.

"காணும் அண்ணை," என்றான் கோபிசங்கர்.

செல்லசாமி நிமிர்ந்து அவனைப் பார்த்தான். கோபிசங்கரும் அவனைப் பார்த்தான். பிறகு குழாயின் கழுத்திலிருந்து தன்னுடைய ஸ்பானரை மெதுவாக எடுத்து, சட்டைப் பையிலிருந்த துணியால் துடைக்கத் தொடங்கினான். துடைப்பதில் அவனுக்கு அவ்வளவு கவனம்.

செல்லசாமி காலை ஊன்றிக்கொண்டு, உடம்பிலிருந்த பாரம் முழுவதையும் அந்தக் கறுப்பு இரும்பின்மேல் போட்டான். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகியது. டக் என்று ஒரு சத்தம். பக்கத்திலிருந்த மைக் அதை மலை முழுவதற்கும் கேட்கவைத்தது. சிவபாதம் கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். மண்ணெண்ணெய் வாடை எழும்பி, வெடித்த குழாயிலிருந்து எரிபொருள் வெள்ளை 'எச்' எழுத்தின்மேல் சொட்டத் தொடங்கியபோதும் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இது ஒண்ணுக்கும் ஒதவாது. முடிஞ்சிருச்சு," என்று செல்லசாமி மைக்கில் சொன்னான். "வேனை அனுப்பிருங்க."

பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவன்மேல் வழக்குப் போட்டார்கள். குழாய்க்கு மாற்று உலகில் எங்கும் இல்லை என்று கோபிசங்கர் வாக்குமூலம் கொடுத்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை. சேவைக்கு உதவாத ஹெலிகொப்டரை வைத்துக்கொண்டு வேனை மறிக்க அதிகாரசபையாலும் முடியவில்லை. அதன் விதியை அதுவே மீற முடியாதல்லவா. மிளகாயை வாரி எடுத்துவிட்டு வேனைத் திருப்பி அனுப்பினார்கள்.

வழக்குத் தவணை ஒன்றுக்குச் செல்லசாமியைப் பொலிஸ் ஜீப்பில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். கையில் விலங்கு போட்டிருந்தது. பாதி வழியில் பின்னால் ஊளைச் சத்தம் கேட்டது. ட்ரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஜீப்பைத் தேயிலைச் செடிகளோடு ஒட்டி ஓரங்கட்டினார். இருமிக்கொண்டே அந்தப் பழைய வேன் அவர்களைக் கடந்து ஏறியது. பின் கதவுக் கண்ணாடியில் ஒரு பெண்ணின் பாதங்களும், அவளைக் குனிந்து பிடித்திருந்த யாரோ ஒருவனின் முதுகும் தெரிந்தன.

"தோட்டத்துல குளவி கொட்டியிருக்கு போல," என்றார் பக்கத்திலிருந்த பொலிஸ்காரர்.

வேன் திருப்பத்தில் மறையும்வரை செல்லசாமி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் நின்னு போவோமுங்க," என்றான். "அவங்க முந்திப் போகட்டும்."